அண்ணா, அக்கா என்று எழுத ஒரு வழி விடுங்கள்: முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் மாவட்டங்களில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்க நிர்வாகிகளுக்கும், உறுப்பினர்களான அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவன். 2010-இல் படிப்பை முடித்தேன். இப்போது ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பதவி பெரியதில்லை. ஆனால் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்பு இணையதளத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் கல்லூரிப் பெயரும் கம்பெனிப் பெயரும் சேர்ந்து நிற்பதால், ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் தொடங்கியதும் பிள்ளைகளிடமிருந்து செய்தி வர ஆரம்பித்துவிடும்.

பத்துச் செய்தி வந்தால் எட்டு ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கிங் கேண்டிடேட், கைண்ட்லி ரெஃபர் மீ ஃபார் எனி சூட்டபிள் போஸ்ட்." உங்கள் கம்பெனியில் எனக்குச் சிபாரிசு செய்யுங்கள் என்று, யாரோ எழுதிக் கொடுத்ததைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புகிறார்கள். சிலதில் வேறு யாருடைய பெயரோ மாற்றாமல் அப்படியே இருக்கும். இதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததில்லை, வருத்தம்தான். இதே பையன் கேன்டீன் வாசலில் என்னைப் பார்த்திருந்தால், "அண்ணா, நீங்க மெக்கானிக்கலா? ஒரு டவுட் கேக்கலாமா?" என்று இரண்டு நிமிடத்தில் பேச்சைத் தொடங்கியிருப்பான். திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அண்ணா ரெஸ்பெக்டட் சார் ஆகிவிடுகிறார். கேட்க வந்த கேள்வியும் காணாமல் போய்விடுகிறது.

அந்தப் பையனுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை அடைக்க வேண்டியது யார் என்று யோசித்தால், எனக்கு உங்கள் சங்கங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்லூரியை விட்டு வந்து 14 மாதம் வேலை இல்லை. அம்பத்தூரிலும் பாடியிலும் கேட் கேட்டாக ஏறி இறங்கினேன். வாட்ச்மேனிடம் கொடுத்த ரெஸ்யூம்கள் எங்கே போயின என்று இன்று வரை தெரியாது. ஊருக்குப் போனபோது எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்க அறைக்குப் போய், மெக்கானிக்கலில் எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் யார் யார் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு பட்டியலே இல்லை என்றார்கள். கடைசி வருடம் நோ டியூஸ் படிவத்தோடு சேர்த்து வாங்கிய ஆயுள் சந்தாவின் ரசீது மட்டும் என் கையில் இருந்தது.

பிறகு ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடினேன். எனக்குப் பல வருடம் முன்னால் படித்த அண்ணன் ஒருவர் ஓசூரில் இருந்தார். எழுதினேன். அப்போது நானும் ரெஸ்பெக்டட் சார் என்றுதான் எழுதினேன். 19-ஆம் நாள் இரண்டே வரியில் பதில் வந்தது. "தம்பி, உன் ரெஸ்யூமில் மெஷர்மென்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. மைக்ரோமீட்டர், போர் கேஜ் பிடித்து அளக்கத் தெரியுமா?" அவ்வளவுதான். வேலை தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் 14 மாதத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அளவியல் வகுப்பு ஒன்றில் மூன்று மாதம் சேர்ந்தேன். அது முடிந்ததும் மறுபடி எழுதினேன். "இங்கே ஆள் எடுக்கவில்லை, ஆனால் எங்களுக்கு சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் கேட்கிறார்கள்" என்று அந்த மேனேஜரின் பெயரைக் கொடுத்தார். என் முதல் வேலை அதுதான். அந்த அண்ணனை நான் நேரில் பார்த்தது அதற்கு நான்கு வருடம் கழித்து.

முகம் பார்க்காத ஒருவர் எப்படி இவ்வளவு உதவினார் என்று ரொம்ப நாள் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இதை 1973-லேயே ஒருவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் ஏறக்குறைய 56 பேர். அபூர்வமாகப் பார்ப்பவர்கள் 28 பேர். காரணம் எளிது. நம்மோடு தினமும் டீ குடிக்கிறவனுக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வரும்.

லிங்க்ட்இன்னும் சில பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2 கோடிப் பேரை வைத்து ஐந்து வருடம் இதைச் சோதித்து, 2022-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். ரொம்ப நெருக்கமும் இல்லாமல், சுத்தமாக அந்நியமும் இல்லாமல், நடுவில் இருக்கும் அறிமுகங்கள்தான் வேலை மாற அதிகம் உதவின என்று அதில் தெரிந்தது. ஒரே கல்லூரி, வேறு வேறு வருடம், இதுவரை பார்த்ததில்லை. அப்படிப்பட்ட அறிமுகம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, இல்லையா? அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. கணினி சார்ந்த துறைகளில்தான் இந்த இலேசான அறிமுகம் நன்றாக வேலை செய்கிறது. கணினி அதிகம் புழங்காத துறைகளில் நெருங்கிய பழக்கம்தான் அதிகம் உதவியது. மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு வெறும் கனெக்ட் பட்டன் போதாது என்பதை நானும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். பேச வேண்டும், திரும்பத் திரும்பப் பேச வேண்டும், முடிந்தால் ஒரு நாள் தொழிற்சாலையின் ஷாப் ஃப்ளோருக்கு வரச் சொல்ல வேண்டும்.

நம் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் யார் என்று உங்களுக்கே தெரியும். தாலுகா அலுவலகத்துக்கு நடந்து முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி, கலந்தாய்வில் அதைக் காட்டிச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். 2010-11 முதல் அரசு அவர்களின் கல்விக் கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறது. 2022-இல் 'நான் முதல்வன்' திட்டம் வந்து திறன் பயிற்சியும் கிடைக்கிறது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் "எங்க சித்தப்பா அந்தக் கம்பெனியில இருக்கார், ஒரு போன் போட்டுக் கேட்கிறேன்" என்று சொல்ல ஒரு சித்தப்பா அந்த வீட்டில் இல்லை. அந்த இடத்தில் நிற்கக்கூடியவர்கள் நாம் மட்டும்தான்.

போன வருடம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடமிருந்து வந்த செய்தியைச் சொல்ல வேண்டும். அதே கைண்ட்லி ரெஃபர் மீ. அன்று எனக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. "தமிழிலேயே எழுதும்மா. நீ இதுவரை என்னென்ன வேலை செய்திருக்கிறாய், வீட்டு வேலையாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லு" என்று பதில் போட்டேன். மூன்று செய்தி வரைக்கும் "ஒண்ணும் இல்லண்ணா" என்றுதான் வந்தது. நான்காவதில், அப்பா சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறார், காலண்டர் சீசனில் சனி ஞாயிறு அச்சகத்துக்குப் போய் ஷீட் பிரிப்பேன் என்று எழுதினாள்.

சிவகாசிக்காரர்களுக்குத் தெரியும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் பிடிக்கத் தொடங்கி, மார்கழி வரை மெஷின் இரவு பகலாக ஓடும். அவள் அப்பா ஓட்டுவது இரண்டு கலர் மெஷின். நான்கு கலர் படம் அடிக்க ஒரே ஷீட்டை இரண்டு தடவை விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் நீண்டுவிடும். இரண்டாவது தடவை ஓட்டும்போது கலர் ஒதுங்கிவிடும். முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். அந்த ஷீட்டுகளைப் பொறுக்கி எடுப்பதுதான் இவள் வேலை. பொறுக்கியதோடு விடாமல், எந்த ரீம் காகிதம், எத்தனை மணிக்குப் பிரித்தது, எத்தனை ஷீட் வீண் என்று ஒரு அன்ரூல்டு நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். முதல் நாள் இரவே பிரித்துப் போட்ட ரீமில்தான் வேஸ்ட் அதிகம் என்று கண்டுபிடித்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு, முதல் ஓட்டம் முடிந்த கட்டுகளையும் பாலித்தீன் போட்டு மூடி வைக்கிறார்களாம்.

அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நீல மையில் கோடு போட்டு, கட்டம் கட்டி, கீழே கூட்டல் போட்டு வைத்திருந்தாள். ஒரு ஓரத்தில் டீக் கறை. எங்கள் பிளான்ட்டில் புதிதாகச் சேருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆகும். ஆனால் அவள் ப்ரொஃபைலில் என்ன இருந்தது தெரியுமா? 'பேஷனேட் இன்ஜினியர், சீக்கிங் ஆப்பர்சுனிட்டீஸ்.' கூடவே எங்கோ பார்த்துச் சேர்த்த 14 ஸ்கில்.

இரண்டு பேரும் உட்கார்ந்து அவள் செய்தியைத் திருத்தினோம். கனெக்ஷன் கேட்கும்போது கூட எழுதும் குறிப்பில் கொஞ்சம் எழுத்துதான் போட முடியும். நான் சொன்னது இதுதான்: முதலில் நீ யார், பிறகு நீ கையால் செய்த ஒரு வேலை, கடைசியில் அவரால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. ரெஃபர் பண்ணுங்கள் என்று முதல் செய்தியிலேயே கேட்காதே. உன்னைத் தெரியாமல் அவர் தன் பெயரை எப்படி அடகு வைப்பார்? அவள் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் மாற்றியது சுமாராக இப்படி இருந்தது: "நானும் நம் காலேஜ் மெக்கானிக்கல், மூன்றாம் வருடம். சிவகாசி அச்சகத்தில் கலர் ஒதுங்கும் ஷீட்டுகளைக் கணக்கெடுத்துக் காரணம் கண்டுபிடித்தேன். குவாலிட்டி வேலைக்கு வர விரும்புகிறேன். உங்கள் பிரிவில் புதிதாகச் சேருபவர்களுக்கு எது தெரியாமல் இருப்பது உங்களுக்குச் சிரமமாக இருக்கிறது?"

இந்தச் செய்தியை எழுத எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. இது எந்த பிளேஸ்மென்ட் வகுப்பிலும் நடப்பதில்லை. அங்கே 500 கனெக்ஷன் சேருங்கள் என்கிறார்கள். முகம் தெரியாத 500 பேரைச் சேர்த்து வைத்து அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஏற்றுக்கொள்ளாதவர்கள் அதிகமானால் கணக்குக்கே கட்டுப்பாடு விழும்.

பெண் பிள்ளைகளின் கஷ்டம் வேறு மாதிரி. படம் போடாதே என்று வீட்டில் சொல்கிறார்கள். படம் போட்டால், வேலையைப் பற்றிப் பேச வந்தது போல வந்து, இரவு பதினோரு மணிக்கு ஹாய் சாப்டாச்சா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் பாதிப் பேர் கணக்கைத் திறந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். படத்தை நம் தொடர்பில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தொல்லை கொடுப்பவரை பிளாக் செய்து புகார் செய்வது எப்படி என்றும் யாராவது உட்கார வைத்துக் காட்ட வேண்டும். அதை ஒரு அக்கா சொன்னால் அந்த வீட்டு அப்பாவும் கேட்பார். அக்காமார்களே, உங்களைத் தனியாகக் கேட்கிறேன். நம் சங்கக் கூட்ட மேடைகளில் உங்களை வரவேற்புரைக்கும் குத்துவிளக்கு ஏற்றவும்தான் கூப்பிடுகிறார்கள். தயவுசெய்து இந்த வேலையை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இது உயிரோடு சம்பந்தப்பட்டது. 2022-இல் தாய்லாந்தில் ஐடி வேலை, நல்ல சம்பளம் என்று ஆன்லைனில் வந்த விளம்பரங்களை நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் சைபர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டது நினைவிருக்கும். இப்போதும் லெட்டர்பேடோடு ஆஃபர் லெட்டர் வருகிறது, ட்ரெயினிங் டெபாசிட் என்று பணம் கேட்கிறார்கள். போன தீபாவளி சமயத்தில் ஒரு பையன் அப்படி ஒரு கடிதத்தை எனக்கு அனுப்பினான். அந்தக் கம்பெனியில் என் செட் நண்பன் இருக்கிறான். ஒரு போன். "அப்படி ஒரு எச்ஆரே எங்களிடம் இல்லை" என்றான். அந்த வீட்டில் அடகுக்குப் போகவிருந்த இரண்டு வளையல் தப்பித்தது. வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். ஆனால் உள்ளூர்க் கம்பெனி என்றால், உண்மையா, பொய்யா என்று சொல்ல உள்ளே இருக்கும் ஒரு அண்ணன்தான் வேண்டும்.

சரி, உங்களிடம் நான் என்ன கேட்கிறேன்?

பணம் கேட்கவில்லை. கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கும் நாக் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்பு என்று ஒரு பகுதி இருப்பதால், குழு வரும் வருடம் சங்கத்துக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நன்கொடை, கருத்தரங்கக் கூடத்துக்கு ஏசி, நினைவுப் பலகை. அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு வேண்டியது பெயர்கள். "மாணவர் எழுதினால் பதில் போடுவேன்" என்று சம்மதிக்கும் முப்பது பேர். எந்தத் துறை, எந்த ஊர், மாதத்துக்கு எத்தனை பேருக்குப் பதில் போட முடியும். ஒருவரே எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம், மாதம் இரண்டு பேர் என்றாலே போதும். லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பக்கத்தைத் திறந்தால், முன்னாள் மாணவர்கள் எங்கே வசிக்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள், என்ன வேலை என்று பிரித்துப் பார்க்க வசதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேர் உட்கார்ந்தால் முதல் பட்டியல் தயாராகிவிடும். சம்மதம் கேட்டுவிட்டுத்தான் மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும், போன் நம்பர் கூடாது, அது முக்கியம்.

இதை இரண்டாம் வருடத்திலேயே தொடங்குங்கள். கடைசி வருடம் எட்டாவது செமஸ்டரில் வந்து அறிமுகம் செய்துகொள்பவன் வேலை கேட்காமல் வேறு என்ன கேட்பான்? இரண்டாம் வருடத்தில் வந்தால் "இந்தப் பாடத்தை நீங்கள் வேலையில் எங்கே பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்பான். அப்புறம் விடுமுறையில் இன்டர்ன்ஷிப் பற்றிக் கேட்பான். கடைசி வருடம் வரும்போது அவன் நமக்குத் தெரிந்த பையனாகிவிடுவான். அப்போது ரெஃபர் செய்ய நமக்கே தயக்கம் இருக்காது.

இல்லை என்றாலும் பதில் போடுங்கள். "இப்போது ஆள் எடுக்கவில்லை தம்பி" என்ற ஒரு வரி போதும். இருபது பேருக்கு எழுதி ஒருவர்கூடப் பதில் போடாவிட்டால், அந்தப் பையன் தன் எழுத்து சரியில்லை என்று நினைப்பதில்லை, தானே சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறான். அந்த 19 நாளில் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேரமில்லை என்ற கஷ்டம் எனக்கும் தெரியும். ஷிப்ட், ஆடிட், கஸ்டமர் கம்ப்ளெயின்ட் எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் ஹோம்வொர்க். நானும் சில செய்திகளைப் பார்த்துவிட்டுப் பிறகு பதில் போடலாம் என்று தள்ளி வைத்து மறந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் இதன் வழியாகவே மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜனவரியில் நிறையச் சங்கங்கள் கூடுகின்றன. குரூப் போட்டோ எடுப்போம், பழைய வாத்தியாரைப் பார்த்துக் கண் கலங்குவோம். அந்த நாளிலேயே சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுங்கள். ஒரு பெஞ்சுக்கு ஒரு அண்ணனோ அக்காவோ, சுற்றி ஐந்து பேர், கையில் போன். ஒவ்வொருவரும் தான் கையால் செய்த ஒரு வேலையை முதலில் தமிழில் சொல்லட்டும். பிறகு சேர்ந்து எழுதுங்கள். விருதுநகர் மாவட்டத்தில் எந்தக் கல்லூரியில் நடந்தாலும் நான் வருகிறேன். பஸ் செலவு என்னுடையது.

அந்தச் சிவகாசிப் பெண் இப்போது கடைசி வருடம். திருத்திய செய்தியை இதுவரை 11 பேருக்கு அனுப்பியிருக்கிறாள். நான்கு பேர் பதில் போட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் ஒரு அக்கா அவளோடு அரை மணி நேரம் பேசி, எந்தக் கணிதப் பகுதியைப் படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மீதி ஏழு பேரும் எங்கள் கல்லூரிக்காரர்கள், எங்கள் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் தினமும் குட் மார்னிங் சொல்கிறவர்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், செய்தி இன்னும் உங்கள் இன்பாக்ஸில்தான் இருக்கிறது. அச்சகம், கலர், ஷீட் என்று ஆரம்பிக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பிகளில் ஒருவன்,
மெக்கானிக்கல், 2010